அமானிதப் பிள்ளை

மருத்துவமனை, மதுரை
3.10.2024

அன்புள்ள சாதிகா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கை நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்டையில் குழாய் வைத்திருப்பதால் பேச முடியவில்லை. இந்த வார்டுக்குள் போன் கூடாதாம். சிஸ்டர் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்து, சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டச் சொன்னார். சாயந்தரம் உங்கள் தம்பி மட்டும் வந்து பார்க்கலாம். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிரசவத்துக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது வரை ஞாபகம் இருக்கிறது. பிறகு வலிப்பு வந்ததாம், நெஞ்சில் சளி கட்டியதாம், மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டதாம். கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. போன தடவை போலவே இதுவும் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்கக் குரல் இல்லை. உங்கள் தம்பி ஒரு போட்டோவைப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்து காட்டிய பிறகுதான் உயிர் வந்தது.

பெண் குழந்தை என்கிறார்கள். நல்லபடியாக இருக்கிறாள் என்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. கிருமி தொற்றிவிடும் என்று உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள்.

எனக்குப் பால் நின்றுபோய்விட்டது. உங்கள் ரய்யானுக்குக் கொடுப்பதோடு இவளுக்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள் என்று உங்கள் தம்பி சொன்னார். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நம் இருவருக்கும் நடுவில் இந்த இரண்டு வருடமாக இருந்ததை இப்போது எழுதப்போவதில்லை.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவள் அழுதால் சத்தம் எப்படி இருக்கிறது?

நாஸியா யாசீன்


சிம்மக்கல்
4.10.2024

என் நாஸியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கோணல் எழுத்தைப் பார்த்து நானும் உன் மச்சானும் மாறி மாறி அழுதோம். கீழே எங்கள் கடையில் வாளி வாங்க வந்த ஆள் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

உன் மகள் அழுவது ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கிறது. முதலில் சின்னதாக ஒரு முனகல், நாம் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் ஒரே பிடியாகப் பிடித்துவிடுவாள். தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் நிறுத்திவிட்டு உற்றுக் கேட்பாள். தலைமுடி அம்புட்டு அடர்த்தி. மூக்கு உன்னுடையது. விரல்கள் எங்கள் யாசீனுடையவை, நீளமாய். குறைமாதம் என்பதால் முதலில் உறிஞ்சவே சோர்ந்துபோனாள். இப்போது என் ரய்யானைத் தள்ளிவிட்டுக் குடிக்கிறாள். பத்து மாதத்துப் பிள்ளை, அவனுக்கு இட்லி ஊட்டிச் சமாளிக்கிறேன்.

நீ தைரியமாக இருப்பதற்காகச் சொல்கிறேன். குழந்தை டாக்டர் எனக்கு எல்லா ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். முதல் தடவை அவளை மார்பில் வைக்கும்போது உன் மச்சான் பக்கத்தில் நின்று, "நல்லா யோசிச்சிட்டியா சாதிகா?" என்று கேட்டார். உன் வயிற்றில் பெண் பிறந்தால் ரய்யானுக்குத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாரே, அதற்காக. பால் கொடுத்துவிட்டால் பால்குடி உறவு, அண்ணன் தங்கச்சி ஆகிவிடுவார்கள். பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது? பிஸ்மி சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

நீ எழுதமாட்டேன் என்றதை நான் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், தலைவலி என்று என் வீட்டில் வந்து படுத்தாய். நான்தான் அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரமே உனக்குக் கரு கலைந்தது. உண்டாகியிருக்கிறாய் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கொடுத்த மாத்திரைதான் காரணம் என்று அன்றைக்கு உன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நீ என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். இவள் எனக்கு அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள். என் பிள்ளையை வளர்ப்பதைவிடப் பயந்து பயந்து வளர்க்கிறேன்.

சாதிகா


மருத்துவமனை
7.10.2024

அன்புள்ள மதினிக்கு,

நேற்று உட்கார வைத்தார்கள். உலகமே சுற்றியது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

ஆட்டுக்குட்டி என்று நீங்கள் எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. சிஸ்டர் பாண்டிமீனா காகிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு என்னைத் தூங்கச் சொன்னார்.

அவளுக்கு ஹஸ்னா என்று பெயர். உங்கள் தம்பியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம். கணக்கு டீச்சர் இப்படிப் பயப்படலாமா என்று சிரிப்பீர்கள். இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் என் குரலைக் கேட்டதில்லை, பெயரையாவது நான் வைத்ததாகக் கேட்கட்டும்.

நீங்கள் எழுதிவிட்டதால் நானும் மறைக்கவில்லை. ஆமாம், நான் உங்களைத்தான் நினைத்தேன். நினைக்கக் கூடாது என்று அறிவுக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டுப் படியேறும்போதெல்லாம் அந்த அலமாரிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இங்கே படுத்துக்கொண்டு கெட்டதாகவே யோசிக்கிறேன். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்றெல்லாம் யோசிக்கிறேன். உங்களைச் சந்தேகப்படவில்லை. நான் செய்ய வேண்டியதை இன்னொருவர் உடம்பு செய்கிறது. அந்த உடம்பு எனக்குத் தெரியாது. அதுதான் பயம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாஸியா


சிம்மக்கல்
10.10.2024

என் நாஸியாவுக்கு,

ஹஸ்னா என்று காதில் சொன்னேன். கொட்டாவி விட்டாள். பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

யாசீன் வாய் சும்மா இருக்காது, உன்னிடம் சொல்லிவிடுவான். அதனால் நானே சொல்கிறேன். முந்தாநாளிலிருந்து எனக்குக் காய்ச்சல். வலது மார்பில் ஓரிடம் கல் மாதிரி இறுகிச் சிவந்திருக்கிறது. அந்தப் பக்கம் பிள்ளையை வைத்தால் உச்சந்தலை வரைக்கும் வலி ஏறுகிறது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. பால் கட்டியிருக்கும், சரியாகிவிடும்.

உன் மச்சான் மெடிக்கலிலிருந்து மாத்திரை வாங்கிவந்து வைத்தார். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு உனக்குக் கொடுத்த அதே மாத்திரைதான். அட்டையை ஜன்னல் மேல் வைத்துவிட்டேன். ரய்யான் பிறந்த சமயம் முதுகுவலிக்கு இதையே போட்டுக்கொண்டுதான் அவனுக்குப் பால் கொடுத்தேன், ஒன்றும் யோசித்ததில்லை. என் பிள்ளை என்றால் துணிச்சல் வருகிறது. உன் பிள்ளை என்றால் வரவில்லை.

சுக்குத் தண்ணீர் குடிக்கிறேன். ஈரத்துணி போட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு, காய்ச்சல் பாலில் இறங்கிப் பிள்ளைக்கு வந்துவிடும், கொடுக்காதே என்கிறாள். கொடுக்காவிட்டால் இவள் எதைக் குடிப்பாள்? நீ சொல், நாஸியா. நான் மாத்திரை போடலாமா வேண்டாமா?

சாதிகா


மருத்துவமனை
11.10.2024

மதினி,

போடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் வலியில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இதை எழுதும்போதே நான் எவ்வளவு மோசமானவள் என்றும் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். அவள் குறைமாதப் பிள்ளை. கையளவு உடம்பு. நீங்கள் விழுங்குவதெல்லாம் அவள் வயிற்றுக்குத்தானே போகும்? ஒன்றை இழந்துவிட்டேன். இன்னொன்றை இழந்தால் இந்தக் குழாயை நானே பிடுங்கிவிடுவேன்.

தாங்கவே முடியாமல் ஏதாவது போட்டீர்கள் என்றால், அதற்குப் பிறகு அவளுக்குப் பால் கொடுக்காதீர்கள். புட்டிப் பால் கொடுத்துவிடுங்கள். அல்லாஹ் மேல் ஆணையாகச் செய்வதாக எனக்கு எழுதி அனுப்புங்கள். எழுதினால்தான் எனக்குக் கண் மூடும்.

நாஸியா


சிம்மக்கல்
12.10.2024

நாஸியா,

அல்லாஹ் மேல் ஆணை. என் உடம்பில் மருந்து இறங்கினால் உன் பிள்ளைக்கு என் பால் இல்லை. எழுதிவிட்டேன். நிம்மதியாகத் தூங்கு.

வலது பக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இடது பக்கம் மட்டும்தான். குளிர் வந்தால் பல் கிட்டிக்கொள்கிறது. எழுத்து உன்னுடையது மாதிரியே கோணலாகிவிட்டது, பார்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அமானிதத்தில் மறைக்கக் கூடாது. இன்று மத்தியானம் ஹஸ்னாவை மடியில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் வந்தது. கை என் சொல்லைக் கேட்கவில்லை. பிடி விட்டுப்போய் அவள் மெத்தையில் சரிந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, கண்ணை விழித்து என்னைப் பார்த்தாள். எனக்குத்தான் உயிர் போய் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து கொடுக்கவே இனிப் பயம். தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கொடுக்கிறேன்.

உன் மச்சானுக்கு என்மேல் கோபம். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, இல்லாட்டி நான் கடையத் தொறக்க மாட்டேன்" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து கொடுப்பார்கள். கொடுத்தால் ஹஸ்னா என்ன செய்வாள்? புட்டியை நாக்கால் தள்ளிவிடுகிறாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறேன்.

துஆ செய்.

சாதிகா


மருத்துவமனை
15.10.2024

அன்புள்ள மதினிக்கு,

இரண்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்கள் தம்பியைக் கேட்டால், அக்கா தூங்குகிறது என்கிறார். அவர் சட்டையில் பால் பவுடர் வாசனை வந்தது. நான் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் மெத்தையில் சரிந்தாள் என்ற வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. முதலில் பிள்ளையை நினைத்துத்தான் நடுங்கினேன். நேற்றுப் பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கையில், உங்கள் கையை நினைத்தேன். கை கேட்கவில்லை என்றால் உடம்பில் எவ்வளவு காய்ச்சல் இருக்க வேண்டும்?

இன்று காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அட்டையை நீட்டினேன். பால் கொடுப்பவர் காய்ச்சல் மாத்திரை போட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எழுதியிருந்தேன். யாருக்கு, எத்தனை நாளாக, மார்பில் வலி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எழுதிக் காட்டக் காட்ட அவர் முகம் மாறியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதைத் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று அவரிடமே காட்டிச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன்.

நீங்கள் ஜன்னல் மேல் வைத்திருக்கும் பாராசிட்டமாலைப் பால் கொடுப்பவர்கள் போடலாம். பாலில் இறங்குவது மிகக் கொஞ்சம். காய்ச்சல் வந்த கைக்குழந்தைக்கு டாக்டர்கள் நேராகக் கொடுப்பதே அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். வீக்கத்துக்கும் வலிக்கும் இபுப்ரோஃபென் போடலாம், ஆனால் இப்போது ஊரில் டெங்கு இருப்பதால் ரத்தம் பார்த்து அது இல்லை என்று தெரிந்த பிறகுதான். ஆஸ்பிரின் வேண்டாம். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகள் பிள்ளையை மயங்கித் தூங்க வைத்துவிடும், டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. உங்களுக்கு மாத்திரை மட்டும் போதாது, கட்டி பழுத்துக்கொண்டிருக்கும், இன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்குக் கொடுக்கும் மருந்திலும் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றவை இருக்கின்றன.

கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாத்திரைக்குப் பயந்து காய்ச்சலோட கெடக்காங்க பாருங்க, அதுதாம்மா ஆபத்து. பால் குடுக்கிறத மட்டும் நிறுத்தவே வேணாம்னு சொல்லுங்க."

என் கையில் ஏறும் டிரிப்பைக் காட்டி, இது என்ன என்று எழுதிக் கேட்டேன். அதே பாராசிட்டமால்தான் என்றார். எனக்கு இரவும் பகலும் ஏற்றிக்கொண்டிருந்ததை உங்களுக்கு வேண்டாம் என்று நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மதினி, போடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் வாங்கிய சத்தியத்தை நானே திருப்பித் தருகிறேன். அவளுக்குப் பாலும் கொடுங்கள். அவளைப் பெற்றவள் சொல்கிறேன்.

நாஸியா


மருத்துவமனை
16.10.2024

மதினி,

உங்கள் தம்பி இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தீர்கள், மச்சான் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகல் படியில் இறங்கினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ எழுதுனதத்தான் அக்கா செஞ்சுச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று அவர் வரவில்லை, நேற்று எழுதிய கடிதத்தையும் இதோடுதான் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும் நிலையில் இருக்கிறீர்களா?

ஒரு வரி. யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

நாஸியா


நர்சிங் ஹோம், சிம்மக்கல் பக்கம்
19.10.2024

என் நாஸியாவுக்கு,

நானே எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதுகிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

பயந்துகொண்டே கிடந்திருப்பாய், அதனால் பிள்ளையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹஸ்னா என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். கன்னம் உப்பியிருக்கிறது. நேற்று எடை போட்டார்கள், கூடியிருக்கிறது.

இனி என் கதை. விழுந்தது எனக்கு ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது கையில் ஊசி, மேலே பாட்டில். ரத்தம் பார்த்தார்கள், டெங்கு இல்லை. மார்பில் சீழ் கட்டியிருந்தது. ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். வலியைப் பற்றி எழுதமாட்டேன், நீ படுவதற்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

ஆனால் கண் திறந்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, மருந்து இறங்கிவிட்டது, ஆணை முறிந்துவிட்டது என்பதுதான். யாசீன் பிள்ளையைக் கொண்டுவந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அந்த ஆட்டுக்குட்டிக் குரலில் கத்துகிறாள். எனக்குப் பால் சுரந்து போர்வையெல்லாம் நனைகிறது. கொடுக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அங்கேயிருந்த டாக்டர் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். கொடுக்காவிட்டால் கட்டி இன்னும் மோசமாகும் என்று சத்தம்கூடப் போட்டார். உன் மச்சான் கும்பிட்டார். நான் கேட்கவில்லை. "டாக்டர் சொன்னாப் போதுமா, பெத்தவ சொல்லணும்ல" என்றேன். ஒரு முழு நாள் அந்தப் பிள்ளை புட்டியைத் துப்பித் துப்பி அழுது, தொண்டை கம்மிப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல் யாசீன் தோளில் தொங்கியது. அந்த நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், நாஸியா. மருந்து அவளைக் கொல்லுமோ என்று பயந்த நான், பசியால் கொன்றுவிடுவேனோ என்று பயந்தேன். ஆனாலும் ஆணை ஆணைதானே.

அன்று சாயந்தரம் யாசீன் உன் கடிதத்தைக் கொண்டுவந்தான். எனக்குக் கண் மங்கலாக இருந்தது. உன் மச்சான்தான் வாசித்தார். மாத்திரைப் பெயர்களை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தார். கடைசியில் "அவளைப் பெற்றவள் சொல்கிறேன்" என்ற வரியை இரண்டு தடவை வாசித்தார். யாசீன் பிள்ளையை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

பிடித்தாள். பசியில் பல்லில்லாத ஈறால் கடித்த கடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் கையை எடுக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

சாதிகா


மருத்துவமனை
22.10.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சிஸ்டர் பாண்டிமீனா வந்து பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

கோபம் இல்லை என்கிறீர்கள். எனக்கு என்மேல் இருக்கிறது. அதைப் பற்றி எழுதி உங்களைத் தேற்ற வைக்கப்போவதில்லை.

டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டேன். பழைய கேள்வி. மாத்திரைப் பெயரையும், எத்தனை வாரம் இருந்திருக்கும் என்பதையும் எழுதிக் காட்டினேன். அவர் என் கையிலிருந்து அட்டையை வாங்கி வைத்துவிட்டு, "அந்த மாத்திரையால கலைஞ்சிருக்காதும்மா" என்றார். ஆரம்ப வாரங்களில் பலருக்கும் அப்படிப் போவதுண்டாம். கரு சரியாக உருவாகாமல் போவதுதான் பெரும்பாலும் காரணமாம். யார் கையும் அதில் இல்லை என்றார். கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள். கேட்க எனக்குப் பயம். யாரையாவது குற்றம் சொல்ல முடியாமல் போய்விட்டால் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பயம்.

நாளை குழாயை எடுக்கிறார்கள். எடுத்த பிறகும் குரல் சரியாக வரக் கொஞ்சக் காலம் ஆகுமாம். எல்லாம் சரியாக இருந்தால் மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு என்னைத் தெரியாது.

நாஸியா


சிம்மக்கல்
3.11.2024

என் நாஸியாவுக்கு,

தல்லாகுளத்தில் உங்கள் வீட்டில் உன்னைக் கொண்டுபோய் விட்டு, பிள்ளையை உன் மடியில் வைத்துவிட்டு வந்த பிறகு நான் அங்கே எட்டிப்பார்க்கவில்லை. ஏன் வரவில்லை என்று யாசீன் தினமும் கேட்கிறான். கடையில் ஆள் இல்லை, ரய்யானுக்குச் சளி என்று ஏதோ சொல்கிறேன். உன்னிடம் பொய் வேண்டாம்.

அன்றைக்கு உன் மடியில் வைத்ததும் அவள் வீறிட்டாள். நான் பின்னால் நகர்ந்த பக்கமே தலையைத் திருப்பினாள். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வேன்? நீ சாவிலிருந்து எழுந்து வந்தது அந்தப் பார்வைக்காகவா?

அதனால்தான் வரவில்லை. நான் வந்தால் என் வாசனைக்கு அவள் என்னிடம்தான் தாவுவாள். நீ அவளுக்குப் பழக வேண்டும். பாலைக் கறந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி யாசீனிடம் கொடுத்துவிடுகிறேன், கரண்டியால் கொடு. நான் விழுங்கும் மருந்தையெல்லாம் குழந்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் விழுங்குகிறேன். கட்டி ஆறிவிட்டது. தழும்பு ஒன்று இருக்கும் என்றார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பாடு உனக்கு வேண்டாம். கீழே கடைக்கு யாராவது கைப்பிள்ளையோடு வந்து அது அழுதால் எனக்கு மேலே சட்டை நனைந்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும் என்கிறார்கள்.

அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் முறை.

உன் மதினி
சாதிகா


தல்லாகுளம்
5.11.2024

அன்புள்ள மதினிக்கு,

குரல் இன்னும் காற்றாகத்தான் வருகிறது. போனில் பேசினால் உங்களுக்குப் புரியாது. அதனால் எழுதுகிறேன்.

கரண்டியில் கொடுத்தேன். பாதி குடிக்கிறாள், பாதி கழுத்தில் வழிகிறது. என்னைப் பார்க்கிறாள். முகம் முழுக்க ஆராய்ந்துவிட்டு, கதவுப் பக்கம் பார்க்கிறாள். வாசலில் யாசீன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அவர் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று தேடுகிறாள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது என்று அவர் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் வராமல் இருந்த முதல் இரண்டு நாள் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அவளை நான் மட்டும் வைத்திருக்கலாம் என்று இருந்தது. மூன்றாம் நாள் அவளைக் குளிப்பாட்ட உட்கார்ந்தேன். என் கையில் தெம்பில்லை. தண்ணீரில் நழுவிவிடுவாளோ என்று பாதியிலேயே தூக்கித் துவட்டிவிட்டேன். அப்போதுதான் உங்களை நினைத்தேன். நடுக்கத்தில் கை கேட்காமல், தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு இவளுக்குக் கொடுத்தீர்களே, அதை.

மதினி, நம் இருவருக்கும் பயம்தான். நான் இழந்துவிடுவேனோ என்று பயந்து உங்களைச் சாகக் கிடத்தினேன். நீங்கள் என்னிடமிருந்து பிடுங்கிவிடுவோமோ என்று பயந்து வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கிடக்கிறீர்கள். நடுவில் இவள் கரண்டியை நக்கிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் முறை என்கிறீர்கள். உங்கள் பாலைக் குடித்தவள் உங்களுக்கும் மகள்தான் என்று மார்க்கமே சொல்லும்போது, அமானிதம் என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் மகளை நீங்கள் யாரிடம் திருப்பிக் கொடுப்பீர்கள்?

அவள் உங்களிடம் தாவட்டும். எனக்கு வலிக்கும். வலித்தால் வலிக்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொள்கிறேன். குடித்து முடித்ததும் என் தோளில் போடுங்கள். அப்படித்தான் அவள் என்னைப் பழகுவாள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ரய்யானையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். தங்கச்சியைப் பார்க்காமல் அவனும் ஏங்கியிருப்பான். உங்கள் தம்பி இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே வண்டியில் காத்திருப்பார்.

பதில் எழுத வேண்டாம்.

நாஸியா